நாகப்பட்டினத்தில் கூடிய கூட்டம்

மலாயா சுதந்திரம் பெற்ற வருடம். முதல்முறையாக இந்தியா போய்விட்டு மலாக்காவின் காஜா பேராங்குக்குத் திரும்பிய சேதுபதியையும் அவன் கூட்டாளியையும் கடைக்காரம்மா பாக்கியலட்சுமி மறித்தாள்.

“இந்தியா எப்படிப்பா இருந்துச்சு?”

சேதுபதி சிரித்து மழுப்பினான். அவன் மலாக்கா செட்டி. பெயரும் கும்பிடும் சாமியும்தான் தமிழ். பேச்சு முழுக்க மலாய். ரப்பர் தோட்டத்துத் தமிழர் லயத்தில் வளர்ந்த கூட்டாளிதான் பதில் சொன்னான்.

“அத ஏன்க்கா கேக்குறீங்க! நாகப்பட்டினத்துல எறங்குனதும் வண்டிக்காரன் இவன்கிட்ட தமிழ்ல பேசுறான், இவன் மலாய்ல முழிக்கிறான். வண்டி பேசுனது, சாப்பாடு சொன்னது, கோயிலுக்கு வழி கேட்டது எல்லாம் நான்தான். போற எடமெல்லாம் பின்னாலயே ஒரு கூட்டம்!”

“இவன் சாரோங்கப் பாத்தா?”

“அப்படித்தான் நெனச்சு, வேட்டி வாங்கிக் கட்டிவிட்டேன். அப்பவும் கூட்டம் போகல.”

“அப்புறம்?”

“ஒரு பெரியவர் என்னைக் காட்டி இவன்கிட்ட கேட்டார்க்கா, ‘தம்பி, இந்தச் சீனாக்காரருக்கு நீங்கதான் தமிழ் சொல்லிக் குடுத்தீங்களா?’ன்னு!”

பாக்கியலட்சுமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அதுக்கு இவன் என்ன சொன்னான்?”

“ஆமான்னு தலையாட்டிட்டான்! யார் என்ன கேட்டாலும் தலையாட்டுன்னு நான்தானே சொல்லி வச்சிருந்தேன்” என்று சேதுபதியின் தோளில் தட்டினான் ஆ செங்.