இடப்பக்கத்துக் கை

பெர்க்மான்ஸ் தன் வீட்டு முற்றத்திலேயே ஃபைபர் படகு செய்கிறவர். அவருடைய அச்சிலிருந்து கழன்று வரும் ஒவ்வொரு படகின் இடப்பக்கத்திலும் ஒரு பெண்ணின் உள்ளங்கை குழிந்திருக்கும். அச்சு எடுப்பதற்காக முதலில் மரத்தில் செய்த மாதிரிப் படகில், பூசிய பட்டி காய்வதற்குள் அவர் மனைவி ரெஜினாளின் கை பட்டுவிட்டது. அன்றைக்கு இருந்த ஆத்திரத்தில் அவர் அதைக் கவனிக்காமலே அச்சு எடுத்துவிட்டார். முதல் படகில் குழியை அடைத்துத் தேய்த்தார். இரண்டாவதைச் சோம்பலில் விட்டார். அது கொண்டுவந்த மீனைப் பார்த்த பிறகு, கை இல்லாத படகு வேண்டாம் என்று கரையே சொல்லிவிட்டது.

"எங்க வீட்டுக்காரி ஆசீர்வாதமா வச்ச கைல்லா" என்பார் எல்லாரிடமும். ரெஜினாள் தன் அம்மா வீட்டுக்குப் போய் ஆறு வருடம். கேட்டால் மீன் குறைந்துவிடும் என்று பயந்தவர்கள்போல் அவளைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

ஏழாவது படகை எடுத்துப்போக ஜெரோம் மனைவியோடு வந்தான். "தொட்டுச் சிலுவை போட்டுக்கோட்டி" என்று அவளிடம் சொல்லிவிட்டு, இஞ்சின் மாட்டும் இடத்தைப் பார்க்கப் பின்பக்கம் போனான். அவள் குழியைத் தடவிப் பார்த்தாள். மணிக்கட்டுப் பக்கம் ஆழமாக இறங்கியிருந்தது, விரல்கள் சறுக்கியிருந்தன.

"இது வச்ச கை இல்லண்ணே" என்றாள், புருஷனுக்குக் கேட்காத குரலில். "புடிச்சித் தள்ளுனதுல, விழாம இருக்க ஊனுன கை."

பெர்க்மான்ஸ் மறுத்துச் சொல்ல வாயெடுத்தார். அவள் தன் கையை எடுக்கவில்லை. அளவெடுத்ததுபோல் அது அந்தக் குழியில் பொருந்தியிருந்தது.