சத்தமில்லாத சிவப்பு வண்டி

"காத்துலயே வளந்த வண்டிய தண்ணிக்குப் பழக்கணும்ன்றீங்களே மாமா, வேணாம்" என்றான் ஆரோக்கியராஜ்.

கடலூரில் அவனுடைய ஒர்க்‌ஷாப்பில் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் பின்பக்கத்தைத் திறந்துபோட்டு நின்றது. இரண்டே சீட்டு. இஞ்சின் பின்னால். ரேடியேட்டர், தண்ணீர் எதுவும் கிடையாது. காற்றிலேயே சூடு தணித்துக்கொள்ளும் அந்தக் காலத்து வண்டி. சர்க்கரை ஆலைக்கு மெஷின் பூட்ட வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர், ஊருக்குத் திரும்பும்போது சுப்புராயன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதன் சத்தம் ஊரறிந்தது. கடலூரில் அது கிளம்பினால் காடாம்புலியூர்த் தோப்பில் பலா ஒரு வாரம் முன்னதாகப் பழுக்கும். வெள்ளாற்றுக் கொக்குகள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் சேத்தியாத்தோப்புப் பக்கம் போய்விடும். நம்பாதவர்கள் கொக்கையே கேட்டுக்கொள்ளலாம்.

சுப்புராயனுக்குச் சத்தம் புதிதல்ல. கரும்பு அரைக்கும் உருளைகளுக்குப் பக்கத்தில் முப்பது வருஷம் நின்றவர். அங்கே காதுக்கு வேலை கிடையாது. ஆனாலும் இந்தக் கோடியில் இருப்பவர் டீ கேட்டால் அந்தக் கோடியிலிருந்து டீதான் வரும், காபி வராது.

இப்போது அவர் கேட்டது புதுக் கார் ஒன்றின் இஞ்சின். முன்னால் ரேடியேட்டர், அடியில் தண்ணீர்க் குழாய். சத்தமே இருக்கக் கூடாது.

"அமராவதி பேசணும். அதுக்கு நான் ஒரு பதில் சொல்லணும். இந்தச் சத்தத்துல எங்கடா முடியுது?"

அதுவும் நியாயம்தான். ஞாயிறுதோறும் கணவனும் மனைவியும் சிதம்பரம் போய், தேரோடும் வீதியைச் சுற்றிவிட்டு, சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும் சாப்பிட்டுத் திரும்புவார்கள். வழியெல்லாம் அமராவதியின் வாய் மூடாது. அவர் தலையும் ஆடிக்கொண்டே இருக்கும். என்ன கேட்டு ஆட்டுகிறீர்கள் என்று ஆரோக்கியராஜ் விசாரித்தபோது, ரோட்டில் அத்தனை பள்ளம் என்று சொல்லிவிட்டார்.

இஞ்சின் மாறும்வரை தினமும் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். வண்டியைப் பார்த்ததைவிட, பக்கத்து டீக்கடையில் மாஸ்டர் காபி கலப்பதைப் பார்த்த நேரம்தான் ஜாஸ்தி. பழைய இஞ்சினைப் புதுச்சேரிக்காரர் ஒருவர் கேட்டிருந்தார். அது தார்ப்பாய் மூடி மூலையில் காத்திருந்தது.

சாவியைக் கொடுக்கும்போது ஆரோக்கியராஜ் வண்டிக்குள் இருந்த கண்ணாடியை நேராக்கினான். அது ஏன் எப்போதும் பக்கத்து சீட்டையே பார்க்கிறது, பின்னால் வருகிறவன் தெரிய வேண்டாமா என்று கேட்டான்.

"இனிமே நேராவே இருக்கட்டும்டா" என்றார் சுப்புராயன்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓடவில்லை, மிதந்தது. ஆலப்பாக்கம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. புதுச்சத்திரத்தில் கடல் காற்று உள்ளே வந்து இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டது. காலுக்கடியில் தண்ணீர் ஓடுவது, தூக்கத்தில் வாய்க்கால் கரையோடு நடப்பது போலிருந்தது. வெள்ளாற்றுப் பாலத்தில் கொக்குகள் வண்டி வந்தது தெரியாமல் கைப்பிடிச் சுவரிலேயே தூங்கிக்கொண்டிருந்தன.

அமராவதி மட்டும் பேசவில்லை.

ஏதாவது பேசேன் என்று கெஞ்சிப் பார்த்தார். வெயில் ஜாஸ்தி என்றாள். அதுவும் பேச்சுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். திரும்பி வரும்போது, முட்லூர் தாண்டியதும் அவளே வாய் திறந்தாள்.

"கோச்சுக்காதீங்க. பழைய இஞ்சினையே மாட்டிடுங்க."

"ஏன், இது நல்லாத்தான ஓடுது?"

"இதுல என்னால பேச முடியல. நான் உங்ககிட்டயா பேசிக்கிட்டு வந்தேன்? சாமிகிட்ட பேசுனேன். அந்தச் சத்தத்துல உங்க காதுல விழாதுன்ற தைரியந்தான். வீட்ல உங்க மூஞ்சியப் பாத்து எதக் கேக்க முடிஞ்சுது? நம்ம பையன் கதிர்வேலு, கட்டுனா ஜான்சியத்தான் கட்டுவேன்னு நின்னப்ப, அவுங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரவுங்கன்னு நீங்க வீட்டையே ரெண்டாக்கல? நாலு வாரம் இந்த வண்டியில அழுதுகிட்டே சொன்னேன். அஞ்சாவது வாரம் நீங்களே போயி பொண்ணு கேட்டீங்க. தில்லையில இருக்கறவருக்குக் காது நல்லா கேக்குதுங்க."

சுப்புராயன் எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கொத்சு ஏப்பத்தோடு அதையும் விழுங்கிக்கொண்டார்.

மறுநாள் அவர் ஒர்க்‌ஷாப்புக்குப் போனபோது, புதுச்சேரிக்காரரின் வேனில் பழைய இஞ்சின் பாதி ஏறியிருந்தது. குறுக்கே போய் நின்று இறக்கச் சொன்னார்.

"பதில் சொல்லிட்டீங்களா மாமா?" என்றான் ஆரோக்கியராஜ்.

"கேள்வியே வரலடா. பழசையே மாட்டு."

அந்த வேலை முடிந்து வந்த முதல் ஞாயிறு, வண்டி பின்னாலிருந்து பாட ஆரம்பித்தது. கொக்குகள் சேத்தியாத்தோப்புக்குக் கிளம்பின. சுப்புராயன் கண்ணாடியைப் பக்கத்து சீட்டுப் பக்கமாகத் திருப்பி வைத்தார். அமராவதி முந்தானையைச் செருகிக்கொண்டு, சிதம்பரம் இருக்கும் திசையைப் பார்த்துப் பேசத் தொடங்கினாள்.

"சாமி, இந்த மனுசனுக்கு முன்னாடி என்னையக் கூப்புட்டுக்காத. இதுக்கு ஒரு காபி போடக்கூடத் தெரியாது."

சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. ஆனால் முப்பது வருஷம் ஆலையின் அந்தக் கோடியில் அசைகிற உதட்டைப் பார்த்தே டீயா காபியா என்று தெரிந்துகொண்டவர், பள்ளமே இல்லாத ரோட்டில் மெதுவாகத் தலையை ஆட்டினார்.

மறுநாள் காலை அமராவதி கண் விழித்தபோது தலைமாட்டில் சூடாகக் காபி இருந்தது. சர்க்கரைதான் கொஞ்சம் ஜாஸ்தி.