பசைக் கறை

மீட்டர் ஒன்பதாயிரம் கிலோமீட்டர் என்றது. என் கையிலிருந்த கருவியோ, இந்த பேட்டரி இதுவரை கொடுத்திருக்கும் மின்சாரத்துக்கு வண்டி முப்பதாயிரம் கிலோமீட்டராவது ஓடியிருக்க வேண்டும் என்றது.

இரண்டில் ஒன்று பொய். கருவி என்னுடையது, அது பொய் சொல்லாது.

பழைய வண்டிகளைப் பார்த்துத் தேறுமா தேறாதா என்று சொல்வது என் தொழில். இன்று கூலி கிடையாது. வாங்கப் போகிறவள் என் தங்கச்சி.

போன வருஷம் நான் 'தங்கம்' என்று சொல்லி அவளுக்கு வாங்கிக் கொடுத்த வண்டி, மச்சானை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் மேம்பாலத்து உச்சியில் படுத்துக்கொண்டது. அவள் புருஷனுக்கு நுரையீரல் சரியில்லை. வீட்டில் ஆக்சிஜன் மெஷின், வெளியே கிளம்பினால் சிலிண்டர். அந்தச் சிலிண்டரின் முள் இறங்க இறங்க, முக்கால் மணி நேரம் வெயிலில் நின்று போகிற வண்டிகளுக்கெல்லாம் கை காட்டியிருக்கிறாள்.

மச்சான் பிழைத்துக்கொண்டார். தங்கச்சி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் ஆறியிருக்கும்.

அதனால் இன்று அவளோடு சூடு கண்ட பூனையாகத்தான் வந்திருந்தேன்.

விற்கிறவர் ஒரு பல் டாக்டர், அறுபதைத் தாண்டியவர். அவருடைய எலெக்ட்ரிக் எஸ்யூவி வீட்டை ஒட்டி, ஒரு ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. இது விலைக்கு வருவது. அதிலும் பல் டாக்டர் வண்டி. கடைவாய் வரைக்கும் பார்த்தேன்.

யார் ஓட்டியது என்று கேட்டேன். யாரும் அதிகம் ஓட்டவில்லை, வீட்டோடுதான் நின்றது என்றார். விற்கிறவர்கள் எல்லோரும் பாடுகிற பல்லவி.

டயர்கள் வண்டியோடு வந்தவை போலவே இருந்தன. கோடுகூடத் தேயவில்லை. எங்கேயோ கிடந்த அதே வருஷத்து டயரைத் தேடிப் பிடித்து மாட்டியிருப்பார் என்று நினைத்தேன். பிரேக் மிதியின் ரப்பர் புதிது. மாற்றியிருப்பார். ஓட்டுகிற சீட் அமுங்கவே இல்லை. அதையும் மாற்றியிருப்பார். இத்தனையும் மாற்றியவருக்கு மீட்டரை மாற்ற எவ்வளவு நேரம்?

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆனால் அப்போது என்னை நான் மகா கெட்டிக்காரன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேட்டரி என்னவோ திடமாகத்தான் இருந்தது. ஆனால் மீட்டரில் பொய் சொல்கிறவர் வேறு எதில் சொல்ல மாட்டார்?

பின்கதவுப் பக்கம், வண்டி பேட்டரியிலிருந்து வெளியே கரண்ட் எடுக்க ஒரு சாக்கெட் இருந்தது. காட்டில் கூடாரம் போட்டு விளக்கெரிப்பதாக விளம்பரத்தில் காட்டுவார்களே, அது. அதைச் சுற்றிப் பசை அடை அடையாக அப்பியிருந்தது. படிவத்தில் எழுதினேன்: 'பின் சாக்கெட், பசைக் கறை, சுத்தம் செய்யவில்லை.' கடைசிக் கட்டத்தில் 'நம்பலாமா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன்.

டாக்டர் காதிலும் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்.

"மீட்டரக் கொறச்சு வச்சிருக்காங்க. இது வேணாம், வா போலாம்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்க ஆரம்பித்தார். மாட்டிக்கொண்டவர் முழி என்று எனக்குள் ஒரு திருப்தி.

தங்கச்சி நகரவில்லை.

வண்டியின் பின்னால் குனிந்து அந்தப் பசையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். நகத்தோடு வெள்ளையாக ஒரு துணுக்கு வந்தது. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி.

அவள் வீட்டில் மச்சானின் மெஷின் பிளக்கைச் சுவரோடு சேர்த்து இதே பிளாஸ்திரியால்தான் ஒட்டி வைத்திருக்கிறாள், யார் கால் பட்டும் கழன்றுவிடக் கூடாது என்று. வாரம் ஒரு முறை உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டுவாள், மறக்காமல் இருக்க அதன் மேலேயே பேனாவால் தேதி எழுதுவாள். பிளக்குக்கும் காயமா என்று நான்கூடக் கிண்டல் செய்திருக்கிறேன்.

அவள் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கொசுவலையின் மூலையில் ஒரு வயர் நுழையும் அளவுக்கு வட்டமாக வெட்டி, ஓரம் பிரியாமல் சின்னச் சின்னத் தையல் போட்டிருந்தது. உள்ளே ஒரு கட்டில். மெத்தையைச் சுருட்டிக் கயிறு கட்டியிருந்தது.

"எத்தன வருஷம் டாக்டர்?" என்று கேட்டாள்.

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் முறையாக எங்களை நேராகப் பார்த்தார்.

"மூணு வருஷம்மா. ராத்திரியெல்லாம் மெஷின் இதுலதான் ஓடும். கரண்ட் எத்தனையோ தடவ போயிருக்கு. வண்டி ஒரு ராத்திரிகூடக் கைவிடல."

நின்ற இடத்திலேயே உழைத்த வண்டிக்கு என் படிவத்தில் கட்டம் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. படிவத்தை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

டாக்டர் உள்ளே போய், சுருட்டி வைத்திருந்த ஒரு நீள வயரை எடுத்துவந்து தங்கச்சி கையில் கொடுத்தார். விலைகூட இன்னும் பேசியிருக்கவில்லை.

பிளக்கின் மேல் கடைசியாக ஒட்டிய பிளாஸ்திரி அப்படியே இருந்தது. அதன் மேல் பேனாவால் ஒரு தேதி.

தங்கச்சி அதைப் படித்தாள். வயரைத் தோளில் மாட்டிக்கொண்டு, பிளாஸ்திரியை மட்டும் கிழியாமல் மெல்ல உரித்து, அவர் கையிலேயே கொடுத்தாள்.