மீன் கூடைக்குக் காவல்

"மீன் கூடைக்குப் பூனையைக் காவல் வெச்சிருக்காரு ஆர்ச்சி!"

மதுக்கடையில் பீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள் ஜெஸ்ஸி. யாரும் மறுக்கவில்லை.

ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டுமா, வேண்டாமா என்று அன்றைக்குத்தான் வாக்கெடுப்பு. எங்கள் துறைமுகத்தில் 'ஆமாம்' கட்சிக்கு ஆர்ச்சியைவிடப் பெரிய தொண்டை கிடையாது. அவர் வீட்டுப் புகைபோக்கியில் ஸ்காட்லாந்தின் நீலக்கொடி. படகுக்கு நீலச் சாயம். நாயின் கழுத்துப்பட்டைகூட நீலம்தான். அதன் சொந்தக் கருத்து என்னவென்று யாரும் கேட்டதில்லை.

அப்படிப்பட்ட மனிதர் போன வாரம் படகுத்துறைப் பாசியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். தன் ஓட்டைத் தனக்குப் பதிலாகப் போட இன்னொருவர் பெயரை எழுதிக் கொடுத்தார். சட்டத்தில் அதற்கு இடம் உண்டு.

எழுதிக் கொடுத்த பெயர் நினியன். தேவாலய மூப்பர். எங்கள் ஊர் 'வேண்டாம்' கட்சிக்குத் தலைவரே அவர்தான்.

"நம்ம பசங்க போய்க் கெஞ்சினாங்க" என்றாள் ஜெஸ்ஸி. "கட்டிலோட தூக்கிட்டுப் போறோம் பெரியவரேன்னாங்க. 'நான் என்ன நண்டுக் கூண்டா, தூக்கிட்டுப் போக?'ன்னு துரத்திட்டாரு. கால் உடைஞ்சா மூளையும் உடையுமா?"

"ரெண்டு பேரும் ஒரே படகுல தொழில் பண்ணினவங்க" என்றார் ஒருவர்.

"பண்ணினது தொழில் இல்லண்ணே, சண்டை! சீட்டை மடிச்சுப் பெட்டியில போட்டுட்டா யாருக்குத் தெரியும்? கர்த்தருக்குத்தான் தெரியும். அவரு வாயைத் திறக்க மாட்டாரு."

ரகசிய வாக்கு என்பதே நேர்மையானவனுக்கு வைத்த தண்டனை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். ஓய்வுபெற்ற லத்தீன் வாத்தியார் வாயெடுத்தால் எங்கள் ஊரில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தாகம் எடுத்துவிடும். கோப்பைகள் ஜெஸ்ஸி பக்கம் நீண்டன.

மத்தியானத்திலிருந்தே கடற்பனி ஏறிக்கொண்டிருந்தது. அது வந்தால் ஊரை ஓசையில்லாமல் துடைத்துவிடும். முதலில் அலைத்தடுப்புச் சுவர் போகும். பிறகு படகுகள். பிறகு கொடிகளும் தட்டிகளும். 'ஆமாம்' வீடு எது, 'வேண்டாம்' வீடு எது என்று சொல்ல முடியாது. தெற்குச் சாலையில் 'இங்கிலாந்து' என்று நிற்கும் பலகையும் போய்விடும்.

அந்தப் பனிக்குள்ளிருந்து, கனவில் வருகிறவர்போல் நினியன் வந்தார். முகம் வேகவைத்த மீனாக வெளுத்திருந்தது.

"என்ன மூப்பரே, ஒரே வலையில ரெண்டு மீனா?" என்றாள் ஜெஸ்ஸி. கடையே சிரித்தது.

நினியன் சிரிக்கவில்லை. "வாத்தியாரே, கொஞ்சம் கூட வாங்க. ஆர்ச்சி வீட்டுக்குப் போகணும். ஒரு சாட்சி வேணும்."

நடந்தோம். காலடிச் சத்தம் எங்களுடையதா என்றே சந்தேகமாக இருந்தது. எங்கேயோ ஒரு கடல்நாய் இருமியது.

ஆர்ச்சியின் கட்டில் தெற்கு ஜன்னலோரம். பனி இல்லாத மாலைகளில் அங்கிருந்து பெரிக் ஊர் விளக்குகள் தெரியும். இரண்டு நாடுகளுக்கும் நடுவே பதிமூன்று தடவை கைமாறிய ஊர் என்பார்கள். இப்போதைக்கு இங்கிலாந்து. ஆர்ச்சியின் ஒரே மகள் ஷீனா அங்கேதான் குடியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவருக்கு மதியச் சாப்பாடு அவள் வீட்டில்.

"போட்டியா?" என்றார் ஆர்ச்சி, எங்களை உட்காரக்கூடச் சொல்லாமல்.

"போட்டேன்."

"ரெண்டும்?"

"ரெண்டும்."

"எப்படிப் போட்டே?" கட்டுப்போட்ட காலை மறந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

நினியன் தொப்பியைக் கழற்றினார். "ஊரு என்ன பேசுதுன்னு எனக்குத் தெரியும்டா. என் சீட்டுல 'வேண்டாம்'. அது ஒரு நொடி. உன் சீட்டைத்தான்... பென்சிலைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன் நின்னேன், கை நகரல. பிரிஞ்சா பாழாப் போவோம்னு தெருத்தெருவாக் கத்தினவன் நான். ஆனா நீ என்னை நம்பிக் குடுத்திருக்கே. 'ஆமாம்'லதான் போட்டேன். பைபிள் மேல சத்தியம்."

முதல் வேலையாக ஜெஸ்ஸியிடம் போய் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆர்ச்சி மெல்லச் சாய்ந்து படுத்தார். ஜன்னலில் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை.

"குறி தெளிவா விழுந்துச்சா?"

"தெளிவா."

"கட்டத்தைத் தாண்டி... செல்லாத ஓட்டு ஆகுற மாதிரி ஏதாவது?"

"சேச்சே! அளவெடுத்த மாதிரி உள்ளே போட்டேன். ஏன்டா மூஞ்சி இப்படிப் போகுது?"

ஆர்ச்சி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கால் உடையறதுக்கு முன்னாடி, ஷீனா சோறு போட்டுக்கிட்டே கேட்டா. 'நடுவுல சோதனைச்சாவடி வந்துட்டா ஞாயித்துக்கிழமை வருவியாப்பா?'ன்னு. எனக்கு அப்புறம் சோறு இறங்கல. ஆனா ஆயுசு பூரா கத்தின கத்துக்கு, என் கை 'வேண்டாம்' பக்கம் போகாது நினியன். செத்தாலும் போகாது."

"அப்போ என்கிட்ட ஏன்..."

"நீ ஏமாத்திடுவேன்னு ஊரே சொல்லிச்சேடா! அதைக் கேட்டு எவ்வளவு நிம்மதியாப் படுத்திருந்தேன் தெரியுமா?"