உதைக்கிற வண்டி

ஓசூர் ஆஸ்பத்திரியில் ஸ்கேனைப் பார்த்த டாக்டர், "குதிகாலுக்கு மேல தசைநார் வீங்கியிருக்கு. பைக்கை உதைச்சு ஸ்டார்ட் பண்றதை முதல்ல விடுங்க" என்றார்.

"பட்டன் வண்டி வாங்கிக் கொடுத்தும் தொடமாட்டேங்கிறார், டாக்டர். ரிட்டையர் ஆன பிறகும், கம்பெனிக்கு ஓட்டிட்டுப் போன அந்த ஓட்டை வண்டியேதான்" என்று அலுத்துக்கொண்டான் அஸ்வின். அப்பா முத்துமணி செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் காலை, கட்டுப்போட்ட காலாலேயே மறுபடி உதைத்தார். வண்டி படபடத்தது. அஸ்வின் கோபமாக ஓடி வந்தான்.

அதற்குள், காலி டிபன் கேரியரோடு வாசலுக்கு வந்தாள் அம்மா ராஜலட்சுமி. நேற்றெல்லாம் இருவரையும் "நீங்க யாரு?" என்று கேட்டவள்.

"ஏங்க, சாப்பாட்டை மறந்துட்டீங்களே! ஷிப்டுக்கு நேரமாச்சு!"

"இந்தச் சத்தத்துக்கு மட்டுந்தாண்டா அவளுக்கு என்னைத் தெரியுது" என்றார் அப்பா.

"நாளைக்கு நான் உதைச்சு விடறேன்பா" என்றான் அஸ்வின். "நீங்க ஏறி உக்காந்தா போதும்."