நடு இடத்து மரியாதை

மீரா சாகிப் விருந்து வைக்கிறார் என்றதும் சூலியா தெருவில் பாதிப் பேர் நம்பவில்லை. மீதிப் பேர் நம்பினார்கள். ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டில் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டே வந்தார்கள்.

அரிசிக் கடை மீரா சாகிப், எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். கடைக்கு மேலே பலகைத் தளம் போட்ட மாடிதான் வீடு. மகளுக்குக் கல்யாணம் வருகிறது. சம்பந்தி வீட்டார் வாயைப் பிளக்க வேண்டும் என்று சீமையிலிருந்து பூப்போட்ட தரைக்கல்லைப் பெட்டி பெட்டியாகக் கப்பலில் வரவழைத்துவிட்டார்.

தச்சு வேலைக்கு வந்த பிச்சைமுத்து ஆசாரி, மாடியில் நாலு எட்டு நடந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"தளம் ஆடுது முதலாளி. மரம் வளைஞ்சு கொடுக்கும், கல்லு கொடுக்காது. இப்படியே பதிச்சீங்கன்னா சம்பந்தியம்மா ஒரு நடை நடந்தாப் போதும், அத்தனையும் விரிஞ்சிடும்."

அத்தனையும் விரிவதை நினைத்து அன்றிரவு மீரா சாகிப் தூங்கவில்லை. மறுநாளே வேலை தொடங்கியது. ஆசாரி பலகைகளைப் பெயர்த்தார். கீழே ஓடிய ஒவ்வொரு சட்டத்துக்கும் துணையாக இன்னொரு சட்டம் சேர்த்து முடுக்கினார். சட்டங்களுக்கு இடையில் குறுக்குக் கட்டை அடித்தார். பலகைகளைத் திரும்பப் பதித்தார்.

"இப்ப கல்லு பதிக்கலாமா?"

"தளம் தொய்யலன்னு என் கண்ணால பாத்த பிறகுதான் கல்லுல கை வைப்பேன்."

"அப்ப ஞாயித்துக்கிழமை மத்தியானம் வா" என்றார் மீரா சாகிப்.

அதே ஞாயிற்றுக்கிழமைதான் விருந்து.

பெரிய முதலாளிகள் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார்கள். துணிக்கடை நூர் முகம்மது வழக்கப்படி கூடத்தின் நடுவில் போய் உட்காரப் பார்த்தார். மீரா சாகிப் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நீங்க செவுத்தோரமா சாஞ்சுக்கங்க. அங்கதான் காத்து வரும்."

படியோரம் மூட்டை தூக்கும் கூலிகள் தயங்கி நின்றார்கள். முன்னால் நின்றவர் அர்ஜுனன்.

"என்ன தம்பி, அங்கயே நின்னுட்டீங்க? எல்லாரும் நடுவுக்கு வாங்க."

"நாங்க இங்க ஓரமா உக்காந்துக்கிறோம் முதலாளி."

"அதெல்லாம் ஆகாது லா. இன்னைக்கு நடு இடம் உங்களுக்குத்தான். நெருங்கி உக்காருங்க. இன்னும் நெருங்கி."

ஒல்லியான ஒருவரை மட்டும் ஓரத்துக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் தொந்தி வைத்த சமையல்காரரை உட்கார வைத்தார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நூர் முகம்மதுவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"காசு உள்ளவன் ஓரத்துல, உழைக்கிறவன் நடுவுல. இந்த மனுசனை நான் இத்தனை வருசமா தப்பா நெனச்சிட்டேன்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

மீரா சாகிப் உட்காரவே இல்லை. படிக்கட்டு வாசலில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். விருந்தாளிகள் எழுந்த பிறகுதான் தனக்குச் சோறு என்று சொல்லிவிட்டார்.

"சோத்துல கறி ஆணத்தை நல்லா ஊத்துங்க. வயிறு நெறையச் சாப்பிடணும். ஒரு மணி நேரத்துக்கு யாரும் எந்திரிக்கக் கூடாது."

அர்ஜுனன் சோற்றுக் கையோடு நிமிர்ந்து பார்த்தார்.

"இருபது வருசமா இந்தக் கடைக்கு மூட்டை சுமக்கிறேன் முதலாளி. ஒருத்தரும் என்னை உக்காருன்னு சொன்னதில்ல. உங்க மக நல்லா இருக்கணும்."

"சரி சரி, நகராமச் சாப்பிடு" என்றார் மீரா சாகிப். சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

கீழே கடைக்குள் பிச்சைமுத்து ஆசாரி அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார். பின்வாசல் வழியாக வந்தவர், சட்டங்களுக்கு நக அளவு கீழே, சுவருக்குச் சுவர் ஒரு நூல் கட்டியிருந்தார்.

"என்ன ஆசாரி?"

"சட்டம் நூலுல படவே இல்ல முதலாளி. தாராளமா கல்லு பதிக்கலாம்."

"நடுவுல பாத்தியா?"

"நடுவுலதானே பாக்கணும்? செவுத்தோரம் ஆனையே நின்னாலும் ஒண்ணும் ஆகாது. ஒடிஞ்சா நடுவுலதான் ஒடியும்."

மீரா சாகிப் நிம்மதியாக மூச்சு விட்டார். மேலே யாரோ பலமாகச் சிரித்தார்கள். ஆசாரி காதைத் தீட்டிக்கொண்டார்.

"அது யாரு? மேல பாரத்துக்கு எதை வச்சிருக்கீங்க?"

"முப்பது ஆளு. சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க."

ஆசாரிக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்த அரிசி மூட்டைகளைச் சுற்றிலும் பார்த்தார்.

"இத்தனை மூட்டை இருக்கே முதலாளி. இதைக் கொண்டுபோய் ஏத்தியிருக்கலாமே?"

மீரா சாகிப் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"தளம் ஒடிஞ்சு மூட்டை கிழிஞ்சா, அரிசி வீணாப் போயிடாதா ஆசாரி?"