நாகேந்திரன் பெயரில் ஓர் அளவு

புற்றுநோய் உடம்பில் எப்படிப் பரவும் என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்வதுதான் கிருஷ்ணப்பிரியாவின் ஆராய்ச்சி. கணவன் நாகேந்திரனின் ஸ்கேன் அளவுகளையும் அந்தக் கணக்கில் சேர்த்திருந்தாள். அது சொன்ன சித்திரை மாதத்திலேயே அவன் இறந்துபோனான்.

ஆடியில் ஒரு காலை, ஆவடி வீட்டில் கணினியைத் திறந்தபோது அவன் பெயரில் புதிய அளவு ஒன்று சேர்ந்திருந்தது. முந்தின நாள் தேதி. கட்டி நான்கு சென்டிமீட்டர். கடைசியாக எடுத்தபோது ஏழு.

ஸ்கேன் மையத்து லோகேஷுக்குப் போன் செய்தாள்.

"அந்தப் பேர்ல யாரும் வர்லக்கா. நாங்க ஒண்ணும் அனுப்பவும் இல்ல," என்றான்.

அதன்பின் வாராவாரம் ஓர் அளவு வந்தது. மூன்று, இரண்டு, ஒன்றரை. அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த அளவுகளை வைத்து மறுபடி கணக்குப் போட்டாள். வரும் வெள்ளிக்கிழமை கட்டி முழுதாகக் கரைந்துவிடும் என்று வந்தது.

வெள்ளிக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்தாள்.

"லீவு போட்டுகினு ஊட்ல தனியா இன்னா பண்ணப் போற?" என்று திருமழிசையிலிருந்து மாமியார் வடிவு போனில் கேட்டாள்.

"அவர் வர்றப்போ வீடு பூட்டியிருக்கக் கூடாது அத்தை."



"அப்போ நானும் மொத பஸ்ஸுக்கே வந்துர்றேம்மா," என்றாள் வடிவு.